புகையற்ற அடுப்பும் பொய்யற்ற அளவும்

உண்ணும் உணவில் தூசி விழுந்தால் மக்கள் உடனே எடுத்தெறிவர்; பருகும் நீர் கலங்கியிருந்தால் வடிகட்டுவர். ஆனால், இடையறாது உட்கொள்ளும் காற்றின் தூய்மையை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆலைப் புகையைக் கண்டு முகஞ்சுளிப்பவரும் தம் வீட்டு அடுக்களைப் புகையைப் பொருட்படுத்துவதில்லை. விறகும் வறட்டியும் எரியும்போது எழும் புகையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள் உள்ளன. அவை மூச்சுடன் சென்று நுரையீரலின் காற்றறைகளிற் படிகின்றன. இத்தகைய வீட்டுப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இத்தீங்கை நீக்கச் சட்டம் மட்டும் போதாது. ஒவ்வோர் அடுக்களையிலும் காவலர் நின்று கட்டளையிட முடியுமா? மக்கள் தாமே விரும்பி மேற்கொள்ளும் திட்டங்களே இதற்கு ஏற்றவை. ஆயினும், அவற்றின் பயனை எவ்வாறு அளப்பது? வழங்கிய அடுப்புகளை எண்ணுதல் எளிது. ஆனால், பயன்படாது மூலையிற் கிடக்கும் அடுப்பு எவருடைய இருமலையும் தீர்ப்பதில்லை அன்றோ?

மற்றொரு பிழையும் நேர்வதுண்டு. புதிய அடுப்பைத் தாமே முன்வந்து ஏற்போர் பெரும்பாலும் ஓரளவு வசதி உடையோர். நல்லுணவும் மருத்துவ உதவியும் அவர்க்கு முன்னரே வாய்த்திருக்கக்கூடும். அவர்தம் குழந்தைகள் நலமாக இருந்தால், அது அடுப்பின் பயனா, செல்வத்தின் பயனா? இதனைப் பிரித்தறியவே அறிஞர் திருவுளச்சீட்டு முறையைக் கையாளுகின்றனர். பங்கேற்க இசைந்தோரைச் சீட்டுக் குலுக்கி இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மட்டும் புதிய அடுப்பைத் தந்து, இரு சாராரையும் ஒப்பிடுகின்றனர்.

2018இல் தொடங்கித் தமிழ்நாடு, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு இடங்களில் இம்முறையில் ஓர் ஆய்வு நடைபெற்றது. கருவுற்ற மகளிர் ஏறத்தாழ 3200 பேர் மனமுவந்து அதிற் பங்கு கொண்டனர். ஒரு பிரிவினர்க்கு எரிவாயு அடுப்பும், 18 திங்கள் வரை இலவச எரிவாயுவும் வழங்கப்பெற்றன. விறகடுப்பினர் சுவாசித்த காற்றில் கன மீட்டருக்கு ஏறத்தாழ 71 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தது. எரிவாயு அடுப்பினர் காற்றிலோ அது 24 ஆகக் குறைந்தது. எனினும், பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2022இல் தெரிய வந்தது. பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் கடும் நிமோனியாவும் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று 2024இல் வெளியான முடிவு காட்டிற்று.

எதிர்பார்த்த முடிவு கிட்டாதபோதும் உள்ளதை உள்ளவாறே உரைத்தது அவ்வாய்வின் பெருமையாகும். இதனால் புகை தீங்கற்றது என்று கொள்ளுதல் தவறு. பல்லாண்டு புகையில் உழல்வோர்க்கு வரும் நுரையீரல் நோயும் இதய நோயும் 18 திங்களில் அளந்தறியத் தக்கவை அல்ல. மேலும், ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவிற்கு 24 என்பது இன்னும் மிகையே. ஓர் அடுக்களையைத் தூய்மையாக்கினாலும், தெருவிலும் அண்டை வீட்டிலும் எழும் புகை உள்ளே நுழையும்.

மருந்து கொடுத்த மருத்துவன், கொடுத்த புட்டிகளை எண்ணி மகிழ்வதில்லை; நோயாளியின் நாடியையே பார்க்கிறான். மக்கள் நலத் திட்டங்களை நடத்துவோர்க்கும் அதுவே நெறி. நல்லெண்ணம் செயலைத் தொடங்கி வைக்கும். நேர்மையான அளவே அதனைச் செம்மைப்படுத்தும்.