கை அளவுக்கு அடங்காத போல்ட்

பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டுக்குள் நுழைகிறவர் முதலில் கேட்பது விலை. வரிசை கட்டி நிற்கும் பிக்கப் வண்டிகளின் போனட்டுக்கு உள்ளே என்ன நிலவரம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் தக்காளிக்குப் பொறுமை கிடையாது. வண்டி வழியில் நின்றால் சரக்கு தண்ணீராகிவிடும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய நாட்களில், ஒரு டன் ஏற்றிய வண்டியில் இருந்தது கடை விலைக்கு லட்ச ரூபாய்ச் சரக்கு.

தர்மபுரியிலிருந்து சேலம் போகும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை, ஏறி வரும்போது இன்ஜினுக்குச் சோதனை. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருந்தால், டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொடுவது அந்த ஏற்றத்தில்தான். ‘பட்டறை வரைக்கும் போய்டலாம்’ என்று ஓட்டுகிறவர், இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டை எரித்துக்கொண்டு வந்து சேர்கிறார். சைலன்ஸரில் வெள்ளைப் புகை. ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் பால் கலந்த காபி நிறம்.

“ஹெட் இறக்கணும்ணா” என்கிறார் மெக்கானிக். வண்டிக்காரரின் முதல் கேள்வி, எவ்வளவு ஆகும்? அடுத்தது, சாயங்காலத்துக்குள்ள குடுத்துடுவியா? மறுபடியும் அதே ஹெட் இறங்குவதற்கான விதை பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளில்தான் விழுகிறது. அவசரத்தில் பழைய போல்ட்டே திரும்ப ஏறுகிறது. ஸ்பேனருக்குப் பின்னால் ஒரு பைப்பைச் சொருகி, ‘கை அளவு’ பார்த்து ஒரே மூச்சில் இழுத்து முடிக்கப்படுகிறது.

அந்த போல்ட் எதைத் தாங்குகிறது என்று ஒரு கணக்குப் போடலாம். ஒன்பது செ.மீ. விட்டமுள்ள டீசல் சிலிண்டரில் எரியும்போது அழுத்தம் 100 பார் என்று வைத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தள்ளும் விசை ஆறு டன்னுக்கும் அதிகம். லோடு ஏற்றிய இரண்டு பிக்கப் வண்டிகளின் எடை. இன்ஜின் 3,000 சுற்றில் ஓடினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இந்த இடி விழுகிறது.

இதை அடக்கி வைப்பது போல்ட்டின் இறுக்கம் என்று நாம் சொன்னாலும், உண்மையில் அது போல்ட்டின் நீட்சி. முறுக்கும்போது போல்ட் ரப்பர் போலக் கொஞ்சம் நீள்கிறது. சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்புதான் ஹெட்டை பிளாக்கோடு அழுத்திப் பிடிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், ஸ்பேனரில் நாம் போடும் பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உரசியே தீர்ந்துவிடுகிறது. மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டுகிறது. ஒரு மரையில் துரு, பக்கத்து மரையில் ஆயில் என்றால், கைக்கு இரண்டும் ஒரே இறுக்கமாகப் படும். பிடி இரண்டு விதமாக இருக்கும். முறுக்கும் பலத்தை (டார்க்) அளந்து காட்டும் டார்க் ரிஞ்ச் வாங்கி மாட்டிவைத்தால் மட்டும் போதாது என்பதும் இதனால்தான். முதலில் மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். பிளாக்கில் அடி மூடிய துளைகளில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் ஊதி எடுக்க வேண்டும்; இல்லையென்றால் இறங்கும் போல்ட் அந்தத் திரவத்தை அழுத்தி பிளாக்கையே பிளந்துவிடக்கூடும்.

முறுக்கும் வரிசை ஜமுக்காளம் விரிக்கிற மாதிரி. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போனால் சுருக்கம் வெளியேறும், ஓரத்தில் தொடங்கினால் நடுவில் புடைக்கும். பத்து போல்ட் உள்ள ஹெட்டில் நடு இரண்டு, அதன் இருபுறம், கடைசியில் மூலைகள். இதையும் ஒரே சுற்றில் முடிக்கக் கூடாது. கம்பெனி கையேடு சொல்லும் டார்க் எண்ணுக்கு இரண்டு மூன்று கட்டமாக ஏற வேண்டும். இப்போதைய பல இன்ஜின்களில் டார்க்குக்குப் பிறகு 90 டிகிரி போலக் கோணக் கணக்கும் உண்டு. போல்ட் தலையில் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், எது திரும்பியது, எது விட்டுப்போனது என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். இப்படிக் கோணத்தில் முறுக்கும் போல்ட்டுகளில் பல, பழைய நீளத்துக்குத் திரும்பாத அளவுக்கு நீண்டுவிடுபவை. அவற்றுக்கு ஒரு வாழ்க்கைதான்.

மெக்கானிக்குகளின் கையைக் குறை சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. அந்தக் கை பழகியது அம்பாசிடர் காலத்தில். வார்ப்பிரும்பு பிளாக், அதே வார்ப்பிரும்பில் ஹெட். கொஞ்சம் கூடக் குறைய இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். இன்றைய அலுமினிய ஹெட் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது. கை அதே கைதான், இன்ஜின் மாறிவிட்டது.

அனுபவம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு ஆகாயத்தில் நடந்த ஒரு சாட்சி உண்டு. 1990 ஜூன் 10 அன்று பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில், 17,000 அடி உயரத்தில் முன்கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. கேப்டனின் பாதி உடல் வெளியே தொங்கியது. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்ஹாம்ப்டனில் தரையிறக்கினார். கேப்டன் பிழைத்தார். முந்தைய நாள் கண்ணாடி மாற்றியபோது போட்ட 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட விட்டத்தில் சுமார் 0.66 மி.மீ. குறைவு. அவற்றை எடுத்தவர் கத்துக்குட்டி அல்ல, அனுபவசாலி. பழைய போல்ட்டோடு வைத்துக் கண் அளவில் பொருத்திப் பார்த்திருந்தார்.

தமிழக அரசு 71 ஐடிஐ-களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் நவீனமாக்க முன்வந்தது. நல்ல வேலை. ஆனால் அதன் பலன் புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு. பாலக்கோட்டிலும் மாரண்டஅள்ளியிலும் இருபது வருடமாகப் பட்டறை நடத்துகிறவருக்கு ஐடிஐ கதவு மாலை நேரத்தில் திறந்தால் என்ன? டார்க் ரிஞ்ச்சை 5,000 முறைக்கோ வருடத்துக்கோ ஒரு தரம் சரிபார்க்க வேண்டும் என்கிறது ஐஎஸ்ஓ 6789. சிறு பட்டறைக்காரர் அதற்கு எங்கே போவார்? மாவட்டத்துக்கு ஒரு ஐடிஐ-யில் அந்த வசதியைக் குறைந்த கட்டணத்தில் செய்துகொடுப்பது அரசுக்குப் பெரிய செலவல்ல.

அதுவரை வண்டிக்காரர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை ஹெட் இறக்கினால் புது போல்ட்டுக்கான தொகையில் பேரம் பேசாதீர்கள். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, எத்தனை டார்க், எத்தனை டிகிரி என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சாயங்காலமே வண்டி வேண்டும் என்று நிற்காதீர்கள்.