வேகமும் பொறுப்பும்

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ்ஹில் பந்தயத்தில் ஓடுபாதையை விட்டு விலகிய கார் 7 உயிர்களைப் பறித்தது. பந்தயத் திடலிலேயே இந்நிலை என்றால், பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் நெருங்கி நிற்கும் கல்முனை - அக்கரைப்பற்று வீதியில் என்னவாகும்?

டர்போவின் காற்றழுத்தத்தைக் கூட்டி இயந்திர வலுவைப் பெருக்குவது இன்று எளிது. ஆனால், வேகம் இரு மடங்கானால் பிரேக் தணிக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகின்றது. நான்கு சில்லுகளும் இயங்கும் கார் விரைந்து புறப்படும்; விரைந்து நின்றுவிடாது.

எமது இளைஞர்களின் கைத்திறனை நாம் குறைகூறவில்லை. பிரேக்கையும் டயரையும் மறந்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியுமின்றி வலுவை மட்டும் கூட்டும் போக்கையே கண்டிக்கின்றோம். பொலிஸாரும் பெற்றோரும் இதில் பாராமுகமாக இருத்தலாகாது.