கடைசி வரை உட்காருங்கள்



சில வருடங்களுக்கு முன் கடலோர ஊர் ஒன்றில் ஒரு திட்டத்துக்காக நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். கல்யாண மண்டபத்தில்தான் கூட்டம். வாசலில் போலீஸ் வேன், உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், மேடையில் அதிகாரிகள். திட்டத்தை ஆதரித்துப் பேச பஸ்ஸில் வந்திறங்கியவர்கள் முன்வரிசைகளைக் காலையிலேயே பிடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது பின்வரிசை.

பன்னிரண்டு மணி வாக்கில் மீன் விற்கும் அம்மா ஒருவருக்கு மைக் கிடைத்தது. "நீங்க சொல்ற மில்லிகிராம் கணக்கெல்லாம் எனக்குத் தெரியாது சார். முன்னெல்லாம் தண்ணியில கையை வுட்டுத் தடவினா இறால் மாட்டும். இப்போ தடவினா சேறுதான் வருது. அதையும் உங்க புஸ்தகத்துல எழுதிக்குங்க" என்றார். மண்டபம் ஒரு நொடி அடங்கியது. மேடையில் ஒருவர் தலையாட்டினார்.

இரண்டு மணிக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது. பஸ்ஸில் வந்தவர்கள் பஸ் ஏறினார்கள். மீன்கார அம்மாவுக்குச் சாயங்கால வியாபாரம் இருந்தது. நானும் டீ குடிக்க வெளியே வந்தேன். திரும்பிப் போனபோது ஊழியர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கூட்டக் குறிப்பு வாசித்து முடிந்திருந்தது. பின்னாளில் அந்தக் குறிப்பு கைக்கு வந்தது. இறாலையும் காணோம், சேற்றையும் காணோம். 'வாழ்வாதாரம் குறித்துச் சிலர் கருத்துத் தெரிவித்தனர்' என்று ஒரு வரி. அந்த டீயை நினைத்தால் எனக்கு இன்னும் கசக்கிறது.

ஏனென்றால், சட்டம் நமக்கு என்ன கொடுத்திருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைதான் இந்தக் கூட்டங்களுக்கு அடிப்படை. மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தந்து நாளிதழ்களில் விளம்பரம் கொடுக்க வேண்டும். திட்டச் சுருக்கம் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும். ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியருக்குக் குறையாத அதிகாரியோ தலைமை தாங்க வேண்டும். முழுவதும் வீடியோ எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி, யார் யார் என்ன சொன்னார்கள் என்ற சுருக்கத்தை அங்கேயே, அந்த மக்களின் மொழியிலேயே படித்துக் காட்ட வேண்டும். ஆட்சியர் கையெழுத்துப் போடுவது அதற்குப் பிறகுதான்.

'நான் சொன்னது இதில் இல்லையே' என்று எழுந்து கேட்க வேண்டிய நேரம் அதுதான். அந்த நேரத்தில்தான் மண்டபம் காலியாக இருக்கிறது.

கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாது. ஆயிரம் பேர் வேண்டாம் என்றாலும் திட்டம் நின்றுவிடாது. குறைந்தபட்சம் இத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கும் இல்லை. 'அப்புறம் எதற்குப் போய்க் கத்த வேண்டும்?' என்று கேட்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். வடசென்னையின் எண்ணூர்க்காரர்கள் கேட்டால் இன்னும் நியாயம்.

எண்ணூர் முகத்துவாரத்தைச் சுற்றியுள்ள குப்பங்களில் எத்தனையோ வருடங்களாகப் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அனல்மின் நிலையத்தின் சாம்பல் கரைசல் குழாய் உடைந்து கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததைச் சொன்னார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. படகுகளில் போய், பக்கெட்டிலும் மக்கிலும் அதை அள்ளியவர்கள் அந்த மீனவர்களே. சுமார் 2,300 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. எண்ணெய் நாற்றம் போவதற்குள், அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாகப் பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். மறு வருடம் டிசம்பரில் எர்ணாவூரில் மறுபடி ஒரு கருத்துக் கேட்பு: 2017இல் மூடிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் விரிவாக்கமாக 660 மெகாவாட் நிலையம்.

இப்போது மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வாருங்கள். 2024 நவம்பரில் அரிட்டாபட்டி வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. அரிட்டாபட்டி, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றமே தீர்மானம் போட்டது. ஜனவரியில் ஜனங்கள் மதுரைக்கு நடந்தே போனார்கள். 2025 ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மூன்று மாதம்கூட ஆகவில்லை.

மேலூர்க்காரர்களின் ஒற்றுமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் பச்சை வயலும் இருந்தன; படத்தைப் பார்த்ததுமே வெளியூர்க்காரர்களுக்கும் மனம் பதறியது. எண்ணூர் படத்தில் புகைபோக்கிகள்தான் தெரிகின்றன. 'அது ஏற்கெனவே கெட்டுப்போன இடம்தானே' என்று நாம் நினைத்துவிடுகிறோம். அடுத்த ஆலைக்கு இடம் தேடுகிறவரும் அதையேதான் நினைக்கிறார். இந்த விஷயத்தில் அரசாங்கத்தை மட்டும் திட்டிவிட்டு என்னால் நகர முடியவில்லை. இந்தப் பக்கத்தை எழுதும்போது என் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிக்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது. அணுக் கனிமங்களும் முக்கியக் கனிமங்கள் என்று பட்டியலிடப்பட்டவையும் எடுக்கும் சுரங்கங்களுக்கு இனி மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்கிறது அது. அந்தப் பட்டியலில் டங்ஸ்டனும் உண்டு. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் 1,144 ஹெக்டேர் கடற்கரை மணலில் எடுக்கத் திட்டமிட்ட மோனசைட்டும் அணுக் கனிமம்தான். 2024இல் அதற்கு வைத்த கூட்டத்தை மீனவ ஊர்கள் எதிர்த்து நின்றதால் தள்ளிவைத்தார்கள். இனி தள்ளிவைக்கவும் கூட்டம் இருக்காது. உத்தரவைத் திரும்பப் பெறும்படி தமிழக முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

கூட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லும் நண்பர்களுக்கு என் பதில் இந்த உத்தரவுதான். ஒன்றும் ஆகாத கூட்டத்தை எடுத்துவிட இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாவட்டத்தில் எந்தத் திட்டத்துக்கு எங்கே கூட்டம் என்ற விளம்பரம் நாளிதழின் உள்பக்கத்தில், டெண்டர்களுக்கு நடுவே பொடி எழுத்தில் வரும். வெட்டி எங்களுக்கு அனுப்புங்கள். வரும் இதழிலிருந்து அதற்காக அரைப்பக்கம் ஒதுக்குகிறோம். நேரில் போக முடியாதவர்கள் தமிழிலேயே எழுதி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம். போகிறவர்கள் கையில் ஒரு டிபன் டப்பா எடுத்துப் போங்கள். குறிப்பு வாசித்து முடியும்வரை எழுந்திருக்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்