குத்துச்சண்டைக்காரரும் வாக்குச்சீட்டும்

அயர்லாந்தில் 1831இல் பிறந்து, சிறுபிள்ளையாக அமெரிக்கா போனவர் ஜோன் மொரிசி. 1853இல் வெறுங்கைக் குத்துச்சண்டையில் பட்டம் வென்றார். சூதாட்ட விடுதி நடத்தினார், சிறையும் கண்டார். 1866இல் நியூயோர்க் மக்கள் அவரைக் காங்கிரசுக்கு அனுப்பினார்கள்.

அவரை உயர்த்தியது முஷ்டி என்பார்கள். வாக்கு என்பேன் நான். வந்தேறிகள் குடியுரிமைக்கு 21 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று அங்கும் ஒரு கட்சி கூச்சலிட்டது. சட்டம் ஐந்தாண்டிலேயே நின்றது. அயர்லாந்துக்காரர்களின் வாக்கு பிழைத்தது. (வாக்குச்சாவடிக்கு அவர் அடியாட்களைக் கொண்டுவந்த கதையை நான் மெச்சவில்லை. அந்த வித்தை நமக்கும் பழக்கம்தானே.)

கொழும்புக்கும் ஒருவர் வந்தார், தஞ்சாவூரிலிருந்து. கோ. நடேசய்யர் எடுத்தது பேனாவை. 1925இல் சட்டநிரூபண சபை, 1936இல் அரசாங்க சபை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. அய்யர் அதே ஆண்டு மறைந்தார். 1948இல் பிரஜாவுரிமை பறிபோனது, 1949இல் வாக்கும். 1952இல் அந்தக் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை.

மலையகத்தவருக்குத்தானே என்று வடக்கு, கிழக்கில் சிலர் அன்று இருந்துவிட்டார்கள். 2007 யூன் 7 விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தட்டப்பட்ட கதவுகள் வடக்கு, கிழக்குத் தமிழருடையவை. எல்லோரும் இந்நாட்டுப் பிரஜைகள். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருந்தார்களாம். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தபோது, பஸ்கள் வவுனியா போய்ச் சேர்ந்திருந்தன.