பிரசங்கத்தைக் குறையுங்கள்

பக்திக் குறும்படம் எடுக்க வரும் இளைஞர்கள் பலர் கடைசி இரண்டு நிமிடத்தைப் பிரசங்கத்துக்குத் தாரைவார்த்து விடுகிறார்கள். அவர்கள் அமெரிக்க இயக்குநர் டல்லஸ் ஜென்கின்ஸின் கதையைப் படிக்கலாம். 2017-இல் அவருடைய முழுநீளப் படம் வசூலில் படுத்துவிட்டது. அடுத்து, தன் சபையின் கிறிஸ்துமஸ் ஆராதனைக்காக, இலினாய்ஸில் நண்பரின் பண்ணையிலேயே ‘தி ஷெப்பர்ட்’ என்ற குறும்படத்தை எடுத்தார். இயேசு பிறந்த அதே பழைய கதைதான். ஆனால் கேமரா பின்தொடர்வது கால் ஊனமான ஒரு மேய்ப்பனை. எல்லோராலும் ஒதுக்கப்பட்ட அவன், நற்செய்தி கேட்டதும் இருட்டில் தட்டுத்தடுமாறி ஓடுகிறான். பத்துப் பக்க வசனம் சொல்லாத விசுவாசத்தை அந்த ஓட்டம் சொல்லிவிடுகிறது. படத்தைப் பார்த்து நெகிழ்ந்த ஆயிரக்கணக்கானோர் பணம் போட, ஒரு கோடி டாலருக்கும் மேல் திரண்டு, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் ‘தி சோசன்’ தொடர் உருவானது. எல்லோருக்கும் இப்படி வாய்க்காதுதான். ஆனால் பட்ஜெட் இல்லையே என்று புலம்புகிறவர்கள் ஒன்றைச் செய்யலாம். எந்த மதத்துக் கதையானாலும், அதில் ஓரமாக நிற்கும் ஆளைத் தேடிப் பிடியுங்கள். தெய்வத்தைக் காட்டக் கிராபிக்ஸ் வேண்டும். பக்தனைக் காட்ட ஒரு நல்ல நடிகர் போதும்.