பாதங்களைப் படித்த டாக்டர் பால் பிராண்ட்

காலில் முள் குத்தினால் ‘ஐயோ’ என்கிறோம். புதுச் செருப்பு கடித்தால் சலித்துக்கொள்கிறோம். அந்த வலி இருப்பதால்தான் நம் பாதம் பிழைத்திருக்கிறது என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர் டாக்டர் பால் பிராண்ட். அவர் அதைக் கண்டுகொண்டது, நம்ம வேலூர் மண்ணில். ஜூலை 17 அவர் பிறந்த நாள். 2003-ல் அவர் மறைந்ததும் இதே ஜூலையில்தான், 8-ம் தேதி.

கொல்லிமலையில் வளர்ந்தவர்

1914-ல் பிறந்த பால் பிராண்டின் பெற்றோர், கொல்லிமலையில் ஊழியம் செய்துவந்த ஆங்கிலேயர்கள். மலைப் பிள்ளைகளோடு பிள்ளையாக வளர்ந்தவரை, 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். 1929-ல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார்.  அம்மா எவ்லினோ முதுமையிலும் குதிரையேறி ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தவர்.

பள்ளிப்படிப்பு முடிந்ததும் பால் பிராண்ட் போய்ச் சேர்ந்தது மருத்துவக் கல்லூரியில் அல்ல. சில ஆண்டுகள் தச்சு வேலையும் கொத்து வேலையும் பழகினார். அதன் பிறகுதான் லண்டனில் மருத்துவம் படித்து, அறுவை சிகிச்சை நிபுணரானார். எந்தச் சுவர் எவ்வளவு பாரம் தாங்கும் என்று படித்த அந்தப் பாடம், பின்னாளில் பாதங்களைப் புரிந்துகொள்ளக் கைகொடுத்தது.

செங்கல்பட்டில் எழுந்த கேள்வி

1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். மறுவருடம் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போனார். அங்கே மடங்கிப்போன விரல்களும் புண் ஆறாத பாதங்களுமாக வரிசை வரிசையாக நோயாளிகள். ‘இவர்களுக்கு ஏன் இதுவரை யாரும் அறுவை சிகிச்சை செய்யவில்லை?’ என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது.

தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகும், அறுத்தாலும் தைத்தாலும் ஆறாது என்பதே அன்றைய நம்பிக்கை. பிராண்ட் துணிந்து கத்தியைக் கையில் எடுத்தார். நல்ல தசையின் தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தினார். அந்தக் காயங்கள் எல்லோருக்கும் ஆறுவதுபோலவே ஆறின.

சதை ஆறுகிறதென்றால், பாதத்தில் மட்டும் ஏன் திரும்பத் திரும்பப் புண் வருகிறது?

நடையில் இருந்த ரகசியம்

பிராண்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகள் நடப்பதைக் கவனித்தார்கள். நாம் வெகுதூரம் நடக்கும்போது பாதத்தில் ஓரிடம் வலித்தால், நமக்கே தெரியாமல் பாரத்தை வேறு பக்கம் மாற்றிக்கொள்கிறோம். கொஞ்சம் நொண்டுகிறோம், உட்காருகிறோம். நரம்பு செத்துப்போனவர்களுக்கு இந்த எச்சரிக்கை வருவதே இல்லை. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் விழுந்து, உள்ளே சதை நைந்து, புண்ணாக வெடிக்கிறது. அந்தப் புண்ணின் மேலேயே மறுநாளும் நடக்கிறார்கள்.

ஆக, விரல்களைத் தின்றது நோய்க்கிருமி அல்ல. வலி தெரியாமல் பட்ட காயங்கள்தான்!

காரணம் தெரிந்ததும் வழியும் பிறந்தது. புண் வந்த காலுக்கு மாவுக்கட்டு போட்டு, பாரத்தைப் பாதம் முழுக்கப் பரப்பிவிட்டார்கள். மருந்தால் ஆறாத புண்கள் அதில் ஆறின. திரும்பவும் புண் வராமலிருக்க விதவிதமான செருப்புகளைச் செய்து பார்த்தார்கள். மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பரில் செய்தது நன்றாகப் பொருந்தியது. இன்று சர்க்கரை நோயாளிகள் கடையில் கேட்டு வாங்குகிறார்களே, ‘எம்.சி.ஆர். செருப்பு’... அது இதுதான்! வேலூருக்கு அருகே கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இந்த ஆராய்ச்சி தொடர்ந்தது.

ஒரு குண்டூசி இரவு

லண்டனுக்குப் போயிருந்த ஓர் இரவு. நீண்ட பயணத்துக்குப் பிறகு காலுறையைக் கழற்றிய பிராண்டுக்கு, குதிகாலில் உணர்ச்சியே இல்லை. குண்டூசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தனக்கும் தொழுநோய் தொற்றிவிட்டது என்று முடிவுகட்டி, இரவெல்லாம் தூங்காமல் கிடந்தார். விடிந்ததும் மறுபடி ஊசியால் குத்தினார்... சுரீரென்று வலித்தது! பயண அலுப்பில் கால் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒவ்வொரு வலிக்கும் நன்றி சொன்னவர் அவர்.

1966-ல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கும் இதே மரத்துப்போதல்தான் முக்கியக் காரணம் என்பதால், வேலூரில் கற்ற வைத்தியம் அங்கே அவர்களுக்கும் உதவியது.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறாரா?

• தினமும் இரவு பாதங்களைப் பாருங்கள். அடிப்பாதத்தைப் பார்க்கக் கண்ணாடி வையுங்கள். அப்பா, அம்மாவுக்குக் கண் மங்கலென்றால் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள்.

• வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். செருப்பை உதறிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

• கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள்.

• வெந்நீரில் காலை வைத்துச் சூடு பார்க்க வேண்டாம், முழங்கையால் பாருங்கள்.

• ‘புண் இருக்கு, ஆனா வலிக்கலை’ என்றால் நிம்மதி அடைய வேண்டாம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். வலிக்காத புண்தான் ஆபத்தான புண்.

வலி தெரியாத பாதத்துக்குக் கண்தான் காவல். பால் பிராண்ட் தன் நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. இன்றிரவு வீட்டுப் பெரியவர்களின் பாதங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தூங்கப் போங்கள்.