நாற்பதுகளில் புராஸ்டேட் புற்றுநோய்: வயதை மட்டும் பார்த்தால் போதுமா?

பிரிட்டனின் மிதிவண்டிப் பந்தய வீரரும், ஒலிம்பிக்கில் ஆறு தங்கப் பதக்கங்கள் வென்றவருமான சர் கிறிஸ் ஹோய், தமக்கு ஏற்பட்டுள்ள புராஸ்டேட் புற்றுநோய் முற்றிலும் குணப்படுத்த இயலாத நிலையில் உள்ளதாக 2024 அக்டோபரில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 48. நோய் கண்டறியப்பட்டது அதற்கு முந்தைய ஆண்டில். தோள்வலிக்காக மருத்துவரை அணுகிய அவருக்கு, எலும்பில் பரவியிருந்த கட்டியே முதலில் தென்பட்டது. அது புராஸ்டேட்டில் தோன்றிப் பரவியது என்பது அடுத்து நடந்த பரிசோதனைகளில்தான் தெரிந்தது. அவருடைய தந்தைக்கும் தாத்தாவுக்கும் இதே நோய் இருந்துள்ளது.

இந்நோய்க்கான பரிசோதனையை எந்த வயதில் தொடங்க வேண்டும் என்ற விவாதத்தை இந்த அறிவிப்பு பிரிட்டனில் தீவிரப்படுத்தியது. அந்நாட்டின் தேசியக் கண்டறிதல் குழு 2025 நவம்பர் 28 அன்று தனது வரைவுப் பரிந்துரையை வெளியிட்டது. அதன் பொருள் என்ன, நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆண் அதிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

எவ்வளவு அரிது?

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சூழ்ந்து, ஒரு பெரிய நெல்லிக்காய் அளவில் இருக்கும். விந்துநீரின் ஒரு பகுதி இங்கு சுரக்கிறது. உலக அளவில் 2022-ஆம் ஆண்டில் சுமார் 14.7 லட்சம் பேருக்கும், இந்தியாவில் சுமார் 38,000 பேருக்கும் இச்சுரப்பியில் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு கூறுகிறது.

இது பெரும்பாலும் முதுமையின் நோய். அமெரிக்காவில் இந்நோய் கண்டறியப்படுபவர்களில் பத்தில் ஆறு பேர் 65 வயதைக் கடந்தவர்கள். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் இது மிக அரிது, நாற்பதுகளிலும் குறைவே. ஆயினும் அரிது என்பது இல்லை என்று ஆகாது. இளம் வயதில் வரும் நோய் சிலரிடம் வேகமாகப் பரவும் வகையாக அமைவதுண்டு. வயது குறைவு என்பதாலேயே நோயாளியும் மருத்துவரும் இதை நினையாமல் விடும்போது, கண்டறிதல் மேலும் தாமதமாகிறது.

எல்லோருக்கும் ஏன் பரிசோதனை இல்லை?

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். அதன் அளவை எளிய இரத்தப் பரிசோதனையில் அறியலாம். ஆனால், அளவு உயர்ந்தால் புற்றுநோய் என்றோ, இயல்பாக இருந்தால் நோயே இல்லை என்றோ உறுதியாகக் கூற இயலாது. சிறுநீர்த் தொற்று, சுரப்பியின் சாதாரண வீக்கம் ஆகியவற்றாலும் அளவு உயரும்.

அறிகுறி ஏதும் இல்லாதவர்களை அழைத்துப் பரிசோதிப்பதால் கிடைக்கும் பயனை ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் நடந்த ஆய்வு அளந்துள்ளது. அதன் 23 ஆண்டு முடிவுகள் 2025-இல் வெளியாயின. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் ஏற்படும் இறப்பு 13 விழுக்காடு குறைந்தது. 456 பேரை அழைத்தால் ஓர் இறப்பு தவிர்க்கப்பட்டது. அதேவேளை, வாழ்நாளில் தொல்லையே தந்திராத, மெதுவாக வளரும் கட்டிகளும் கண்டறியப்பட்டன. அவற்றுக்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் சிறுநீர்க் கசிவையும் பாலுறவுக் குறைபாட்டையும் ஏற்படுத்தக்கூடும்.

இந்த ஆய்வின் முதன்மை வயதுப் பிரிவு 55 முதல் 69 வரை. எனவே, அதன் பயனை நாற்பதுகளில் உள்ளவர்களுக்கு அப்படியே பொருத்த இயலாது. ஜெர்மனியில் 45 வயதினர் சுமார் 23,300 பேருக்கு பி.எஸ்.ஏ. பரிசோதனை செய்யப்பட்டபோது, மறுபரிசோதனையிலும் அளவு உயர்ந்திருந்தவர்கள் 100-க்கு ஒருவருக்கும் குறைவு. புற்றுநோய் கண்டறியப்பட்டவர்கள் 48 பேர். அந்த 48 பேருக்கு அது பெரிய செய்திதான். ஆனால், ஒரு நாடு முழுவதும் அவ்வயதினர் அனைவரையும் அழைப்பதற்கு இந்த எண்ணிக்கை போதுமான காரணமாகாது.

பிரிட்டன் குழு கோட்டை எங்கே வரைந்தது?

அனைத்து ஆண்களுக்குமான பரிசோதனைத் திட்டத்தை அக்குழு பரிந்துரைக்கவில்லை. பி.ஆர்.சி.ஏ. என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பதாக உறுதிசெய்யப்பட்ட ஆண்களுக்கு மட்டும், 45 முதல் 61 வயது வரை, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை செய்யலாம் என்றது. குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களுக்கெனத் தனித் திட்டத்தையும் அது பரிந்துரைக்கவில்லை. அதாவது, தந்தைக்கும் தாத்தாவுக்கும் நோய் இருந்த ஒருவர், மரபணு மாற்றம் கண்டறியப்படாத வரை, இந்த வரைவின்படி அழைப்புப் பெறமாட்டார்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். அரசு அனைவரையும் அழைத்துப் பரிசோதிப்பது வேறு; கூடுதல் ஆபத்து உள்ள தனி மனிதர் ஒருவர் மருத்துவரை அணுகிப் பரிசோதித்துக்கொள்வது வேறு. முன்னது வேண்டாம் என்பதற்கான காரணங்கள் பின்னதற்குத் தடையாகா. ஐரோப்பியச் சிறுநீரகவியல் சங்கத்தின் வழிகாட்டுதல், நன்மை தீமைகளை அறிந்து பரிசோதனையை விரும்புவோருக்கு, பொதுவாக 50 வயதிலிருந்தும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களுக்கு 45 வயதிலிருந்தும், பி.ஆர்.சி.ஏ.2 மாற்றம் உள்ளவர்களுக்கு 40 வயதிலிருந்தும் பரிசோதனை செய்யலாம் என்கிறது.

இந்தியாவிலும் இதுவே நிலை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின்கீழ் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கே பொதுப் பரிசோதனை செய்யப்படுகிறது. புராஸ்டேட் அதில் இல்லை. ஆகவே, தமக்குக் கூடுதல் ஆபத்து உள்ளதா என்பதை ஒவ்வொருவரும் தம் குடும்ப வரலாற்றிலிருந்தே முதலில் அறிந்துகொள்ள வேண்டியுள்ளது.

குடும்பத்தில் எதைக் கேட்க வேண்டும்?

தந்தைக்கோ உடன்பிறந்த சகோதரருக்கோ இந்நோய் இருந்தால், ஒருவருக்கு அது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகிறது. பாதிக்கப்பட்ட உறவினர்களின் எண்ணிக்கை கூடினாலோ, அவர்களுக்கு இளம் வயதில் நோய் வந்திருந்தாலோ வாய்ப்பு மேலும் உயரும்.

பலரும் கவனிக்கத் தவறுவது தாய்வழி உறவுகளை. மார்பகப் புற்றுநோயையும் சினைப்பைப் புற்றுநோயையும் உண்டாக்கும் அதே பி.ஆர்.சி.ஏ. மரபணு மாற்றம், ஆண்களிடம் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. தாய், பாட்டி, சித்தி, அத்தை, சகோதரி ஆகியோரில் எவருக்கேனும் இளம் வயதில் இப்புற்றுநோய்கள் வந்திருந்தால், அது அக்குடும்பத்து ஆண்களுக்கும் உரிய எச்சரிக்கை.

நம் குடும்பங்களில் புற்றுநோய் என்ற சொல்லை வெளியில் சொல்லாமல் மறைக்கும் வழக்கம் இன்னும் உள்ளது. எனவே, “யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?” என்று மட்டும் கேட்டால் சரியான விடை கிடைக்காமல் போகலாம். தாத்தாவுக்குச் சிறுநீர் அடைப்பு இருந்ததா, கடைசிக் காலத்தில் இடுப்பு வலியால் படுத்த படுக்கையானாரா, மார்பில் கட்டிக்காக யாருக்கேனும் அறுவை சிகிச்சை நடந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறியுங்கள். இவற்றைக் கொண்டே நோயை முடிவுசெய்ய இயலாது. ஆனால் மருத்துவரிடம் சொல்லத் தக்க செய்திகள் இவை.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

தொடக்க நிலையில் இந்நோய்க்குப் பெரும்பாலும் அறிகுறி இருப்பதில்லை. கீழ்க்கண்டவை இருந்தால், வயதைக் காரணம் காட்டித் தள்ளிப்போடாதீர்கள்:

- சிறுநீர் கழிப்பதில் தடை, அடிக்கடி சிறுநீர் கழித்தல், சிறுநீரிலோ விந்திலோ இரத்தம்
- முதுகு, இடுப்பு, தோள் முதலிய இடங்களில் காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் நீடிக்கும், இரவிலும் விடாத எலும்பு வலி
- காரணமின்றி உடல் எடை குறைதல்

கால்கள் திடீரெனப் பலமிழந்தாலோ, மரத்துப்போனாலோ, முதுகுவலியுடன் சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த இயலாமல் போனாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதுகுத்தண்டு நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

பி.எஸ்.ஏ. பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள்கள் விந்து வெளியேற்றத்தைத் தவிர்க்கவும். அண்மையில் சிறுநீர்த் தொற்று இருந்திருந்தால் மருத்துவரிடம் தெரிவிக்கவும். முடி உதிர்வுக்காக ஃபினாஸ்டரைடு மாத்திரை உட்கொள்ளும் இளைஞர்கள் அதைக் கட்டாயம் கூற வேண்டும், அம்மருந்து பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். நாற்பதுகளில் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2.5 நானோகிராமுக்கு மேல் இருந்தால் மேலாய்வு தேவைப்படலாம். முதலில் மறுபரிசோதனையும், பின்னர் தேவைக்கேற்ப எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் செய்யப்படும்.

நோய் உறுதியானால்

சுரப்பிக்குள்ளேயே அடங்கிய நோயைக் குணப்படுத்த இயலும். வேகம் குறைந்த கட்டியெனில் உடனடிச் சிகிச்சையின்றித் தொடர்ந்து கண்காணிப்பதும் ஏற்கப்பட்ட முறையே. பரவிய நோயையும் ஹார்மோன் சிகிச்சை முதலியவற்றால் பல ஆண்டுகள் கட்டுப்படுத்த இயலும் நிலை இன்று உள்ளது. குழந்தைப்பேற்றை எதிர்நோக்கும் இளைஞர்கள், சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுச் சேமிப்பு குறித்து மருத்துவரிடம் பேச வேண்டும். மரபணு ஆலோசனையும் பெற வேண்டும். அதன் முடிவு நோயாளியின் சிகிச்சையுடன் நின்றுவிடாது. அவருடைய சகோதர சகோதரிகளுக்கும் பிள்ளைகளுக்கும் உதவும்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் சிறுநீரகவியல் பிரிவையும், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையையும் அணுகலாம். தகுதியுடைய குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் சிகிச்சை பெறலாம். கூடுதல் விவரங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கவும். மருத்துவரைச் சந்திக்கும்போது, குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லவும்.